வேண்டுதல் மொட்டை

இல்லைங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா, “எனக்கு இருந்துச்சு” என்றாள். கேட்டது என்னைத்தான். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ மார்புல புற்றுநோய் வந்திருக்கா என்று, சட்டையில் ரெஜினா என்று பெயர் குத்தியிருந்த அந்த எக்ஸ்ரே அறைப் பெண், கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன குரலில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டாள். நானும் யோசிக்காமல்தான் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தது? அப்பா பஸ்ஸில் அடிபட்டுப் போனார். அம்மா ஒரு மத்தியானம் காபி குடித்துவிட்டுப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. நோய் என்பது எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாத ஒன்று என்று டீச்சர்கள் அறையில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். “யாருக்கு?” என்று அக்காவைக் கேட்டேன். தில்லைநகர் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, காதில் தப்பாக விழுந்திருக்கும். ரெஜினா இப்போது நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். “எப்பம்மா?” “ரெண்டு வருஷம் ஆச்சு.” “ஆபரேஷன் பண்ணாங்களா?” “பண்ணாங்க. அப்புறம் மருந்து ஏத்துனாங்க, கரண்டும் வச்சாங்க.” “கட்டி தட்டுப்பட்டுச்சா?” “இல்லம்மா. இதே மாதிரி படம் எடுத்ததுலதான் தெரிஞ்சுது.” “நல்லவேளை, சீக்கிரம் பார்த்துட்டீங்க” என்றாள் ரெஜினா. இதே மாதிரி படம். அப்படியென்றால் வளர்மதி அக்கா இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறாள், அவளிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள், கூடப்பிறந்தவங்க இருக்காங்களா, தங்கச்சி இருந்தா அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்கள், அக்காவும் தலையை ஆட்டியிருப்பாள், ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பு வைத்து, எனக்கும் ஒரு டப்பாவில் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

பச்சை நிறத்தில் முன்பக்கம் திறக்கிற ஒரு அங்கியைக் கொடுத்தார்கள். மேலே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள், பவுடர் போட்டிருந்தால் துடைத்துவிடுங்கள். போடவில்லை. நான் பவுடர் போடுகிற ஆளில்லை. நான் பூங்கோதை மிஸ், பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, வெயிலில் நின்று விசில் அடிக்கிறவள், கோ-கோவில் மாவட்ட அளவில் ஓடினவள், இந்த உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும் என்று ஐம்பது வயதை நெருங்கும்வரை நம்பிக்கொண்டிருப்பவள். மாற்றுகிற அறையில் ஒரு கண்ணாடி இருந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் இல்லை, எப்போதும் இருப்பதுதான். அக்காவுக்கும் கண்ணாடியில் ஒன்றும் இருந்திருக்காது. வயிற்று வலி மிஸ் என்று ட்ரில்லுக்கு வராமல் நிற்கிற பிள்ளைகளில் யாருக்கு நிஜமாக வலி, யார் கணக்குப் பரீட்சைக்குப் படிக்கத் தப்பிக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், பள்ளிக்கூடமே அதற்காக என்னிடம் பயப்படும். அப்படிப்பட்டவள் அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? கேரளாவில் இடுப்பு வலிக்கு வைத்தியம், ஒன்றரை மாதம் தங்கி எண்ணெய் போட்டுப் பிழியவேண்டும், போனெல்லாம் எடுக்கக் கூடாதாம் என்றாள், சரி என்றேன். நான் வந்து பார்க்கட்டுமா என்றதற்கு வெளியாட்களை விடமாட்டாங்கடி என்றாள், அதற்கும் சரி. நான் வெளியாள். அப்போது அந்த வார்த்தை உறைக்கவில்லை, இப்போது இந்தப் பச்சை அங்கியின் நாடாவை முடிச்சுப் போடும்போது உறைக்கிறது, முடிச்சு விழவில்லை, விட்டுவிட்டுத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் அக்கா பக்கத்தில் இடம் வைத்திருந்தாள். சினிமாத் தியேட்டரில் கைப்பையைப் போட்டு இடம் பிடிப்பதுபோல.

உட்கார்ந்தேன், வேறு எங்கே போவது. “கோவமா?” என்றாள். அவளுடைய தலையைப் பார்த்தேன். முடி நன்றாக வளர்ந்திருந்தது, முன்னைவிடச் சுருள். மொட்டை. அப்போது மொட்டைத் தலையோடுதான் வந்தாள். சமயபுரத்தில் வேண்டிக்கொண்டேன், மகள் சிந்துஜாவுக்கு நல்ல இடம் அமைந்தால் முடி கொடுக்கிறேன் என்று, அமைந்துவிட்டது, கொடுத்துவிட்டேன் என்றாள். சந்தனம் பூசியிருந்தாள். நான் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தேன். பெண்ணுக்காக இவ்வளவு நீளக் கூந்தலைக் கொடுத்திருக்கிறாளே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிக்கவும் செய்தேன், முட்டை மாதிரி இருக்குக்கா என்றேன், அவளும் சிரித்தாள். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன், எங்க அக்கா மாதிரி ஒரு தாய் பார்க்க முடியாது என்று. என் மகள் இளவேனிலுக்காக நான் மொட்டை போடுவேனா என்று அன்றைக்கு ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டு, போடமாட்டேன் என்று தோன்றி, வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டேனே. அந்த வெட்கத்தை எந்தக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? “சொல்லணும்னுதான்டி இருந்தேன்” என்றாள். “சிந்துஜாவுக்குப் பேசிக்கிட்டு இருந்த நேரம். பொண்ணோட அம்மாவுக்கு இந்த நோய்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருப்பாங்க. அத்தான்தான் யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு.” “அந்த ‘யாருக்கும்’ல நானும் சேத்தியா?” “நீ யாரோ இல்லடி. ஆனா உன் வாய்…” நிறுத்தினாள். “என் வாய்க்கு என்ன?” “நீ மைக் இல்லாமயே பேசுறவ, கோதை. ஒருத்தர்கிட்ட சொல்லாதன்னா அதையும் சேத்துச் சொல்லிருவ.” நிஜந்தான். நிஜமாக இருப்பதால்தான் இப்படிக் குத்துகிறது. ஆனால் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கலாம் அல்லவா? வாயை மூடு என்று அவள் சொல்லி நான் மூடாமல் இருந்த நாள் ஒன்று இருக்கட்டும், அதை அவள் காட்டட்டும். “கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே.” “அப்புறம் அவ மாசமா இருந்தா. பிரசவம் ஆகட்டும்னு பார்த்தேன்.” “பிரசவமும் ஆயிருச்சு.” “ஆமா” என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருப்பாள், “சேகர் தம்பிகூட அப்பப்ப சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு, அவகிட்ட சொல்லிருங்கக்கான்னு. மருந்து ஏத்துற அன்னைக்கெல்லாம் தம்பிதான கார்ல கூட்டிட்டுப் போகும், அத்தானுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகியிருந்துச்சுல்ல” என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பூங்கோதை உள்ள வாங்க என்று ரெஜினா கூப்பிட்டாள்.

சேகர் தம்பி என்பது என் கணவர். உள்ளே ஆளுயரத்தில் ஒரு இயந்திரம் நிற்கிறது, வெள்ளையாக, ஒரு பக்கம் கை நீட்டினாற்போல. கிட்ட வாங்கம்மா, இன்னும் கிட்ட, தோளைத் தளர்த்துங்க, என்று ரெஜினா என் வலது மார்பை ஒரு பொருளைப்போல எடுத்துத் தட்டின் மேல் வைத்தாள், இழுத்தாள், சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவினாள். தட்டு சில்லென்றது. மேலேயிருந்து கண்ணாடி மாதிரியான இன்னொரு தட்டு இறங்கி அழுத்தியது, போதும் என்று நினைத்த பிறகும் அழுத்தியது. “வலிக்குதாம்மா? ஒரு நிமிஷந்தான். மூச்சைப் பிடிங்க.” பிடித்தேன். மார்ச் பாஸ்ட்டுக்கு நிறுத்தின பிள்ளைகளிடம் நான் சொல்வதுதான், மூச்சைப் பிடி, அசையாதே. காரில் இவர்கள் இருவரும் என்ன பேசியிருப்பார்கள்? என் கார். என் சம்பளத்திலும் தவணை போன கார். அதன் பின் சீட்டில் அக்கா வாந்தி எடுத்திருப்பாளோ, ஒரு தடவை கார் முழுக்க ஃபினாயில் வாசனை அடித்ததே, ஆபீஸ் நண்பருடைய பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாரே. மூச்சை விடுங்க. விட்டேன். தட்டு மேலே போனது. இப்போது பக்கவாட்டில். கையைத் தூக்கி இந்தப் பிடியைப் பிடிச்சுக்கோங்க, முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க. கன்னம் பிளாஸ்டிக்கில் ஒட்டியது. அந்த மொட்டை நாளில் சாயங்காலம் இவர் ஒரு பேப்பர் பொட்டலம் கொண்டுவந்தார். அக்கா கோவில் பிரசாதம் கொடுத்துவிட்டாங்க என்று குங்குமத்தைப் பிரித்து என் நெற்றியில் அவரே வைத்தார். கை நடுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், அந்த விரல் சூடாக இருந்தது. நடிக்கிறவருக்கு விரல் சூடாக இருக்குமா? மூச்சைப் பிடிங்க. போன வருஷம் பள்ளியில் எல்லா டீச்சர்களையும் இந்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னபோது, போயிட்டு வா கோதை, போயிட்டு வந்துடேன் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். விளையாட்டு விழா நேரம், எனக்குத் தலைக்கு மேல் வேலை, எனக்கெல்லாம் ஒண்ணும் வராது போங்க என்றேன். ஒருநாள் சோறு போடும்போது கேட்டார், இன்னொரு நாள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். என்ன இவ்வளவு அக்கறை என்று கேலி செய்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். உங்க அக்காவுக்கு வந்திருக்கு, அதனால போ. அன்றைக்கே, கையைக்கூடக் கழுவாமல், போயிருப்பேன். சொல்லவில்லை. என்னிடம் கெஞ்சினார், காரணத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். மூச்சை விடலாம்மா, நான் சொன்னது கேக்கலையா, விடுங்க.

அக்காவைக்கூட ஒரு மூலையில் புரிந்துகொள்ள முடிகிறது. பெண்ணைப் பெற்றவள், பயந்தாள். பயத்துக்கு மூளை கிடையாது. இவருக்கு என்ன பயம்? வாக்குக் கொடுத்துவிட்டாராம், அதுதான் சொல்லுவார், எனக்குத் தெரியும், அவங்க கையைப் பிடிச்சுக் கேட்டாங்க கோதை, நான் என்ன பண்றது என்பார். அவள் கையைப் பிடித்துக் கேட்டாள், சரி. நான் எதைப் பிடித்திருக்கிறேன்? ஒரே தலையணை உறையில் முகத்தைத் துடைக்கிறவர்கள் நாங்கள். அவருடைய குறட்டையின் வகைகள்கூட எனக்குத் தெரியும், கவலையில் வருவது ஒன்று, கோழிக்குழம்பு தின்றால் வருவது ஒன்று. அந்த மாதங்களில் குறட்டையே இல்லாமல் படுத்திருந்தாரே, கடவுளே, தூங்காமல் கிடந்திருக்கிறார், நான் நல்லவேளை சத்தம் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். இப்படி நினைத்ததும் அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது, அந்த இரக்கத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்குக் காலையில் வாசல்வரை வந்தார். அக்காவும் துணைக்கு வராங்க, நல்லதுதான என்றார். என் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூட ஸ்ரீரங்கத்தைவிட்டு வராத அக்கா எதற்காக இங்கே வருகிறாள் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது, அவ்வளவுதான், ஒரு கணம். இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாத ஒரு வீட்டில் நான் சமைத்திருக்கிறேன், துணி மடித்திருக்கிறேன், சிந்துஜா கல்யாணத்தில் எல்லோருக்கும் முன்னால் ஆடியிருக்கிறேன். ரவிக்கை என்னக்கா இப்படிக் கழுத்து வரைக்கும் தைச்சிருக்கே, புது ஃபேஷனா என்று மேடையில் வைத்துச் சத்தமாகக் கேட்டேன். சுற்றி நின்றவர்களில் எத்தனை பேர் தரையைப் பார்த்தார்கள் என்று இப்போது நினைவைக் கிளறிப் பார்க்கிறேன். எல்லோரும் பார்த்ததுபோல இருக்கிறது. யாருமே பார்க்காததுபோலவும் இருக்கிறது.

வெளியே உட்காருங்க, படம் சரியா விழுந்திருக்கான்னு டாக்டர் பார்த்துருவாங்க என்றாள் ரெஜினா. உட்கார்ந்தேன். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கவில்லை. ரெஜினா திரும்ப வந்தாள். இடது பக்கம் ஒரு இடத்தை மட்டும் கொஞ்சம் பெரிசா எடுக்கணும்மா. அவள் குரல் மாறியிருந்தது. முதலில் தேய்ந்துபோயிருந்த குரல் இப்போது கவனமாக இருந்தது, என்னை அம்மா என்று கூப்பிட்டபோது அதில் மெத்தென்று ஏதோ இருந்தது, பிள்ளைகள் கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் நானும் அப்படித்தான் பேசுவேன், ஒண்ணுமில்லடா கண்ணா என்று. மறுபடி தட்டு, இந்த முறை சின்னது, ஒரே இடத்தில் கட்டைவிரலை ஊன்றினதுபோல் அழுத்தியது. அப்புறம் இன்னொரு அறை, இருட்டாக, படுக்க வைத்து, குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஒரு டாக்டரம்மா டிவி மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே கருவியை மார்பின் மேல் நகர்த்தினார். நகர்த்தினார், நிறுத்தினார், திரும்ப அதே இடத்துக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னால் படிக்க முடியவில்லை. கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேனாம். இந்த உடம்பும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே. காலையில் எழுந்து ஓடியது, பசித்தது, வியர்த்தது, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரையும்போல அதுவும் என் முன்னால் சாதாரணமாக நடமாடியது. “இதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா? போன வருஷம், அதுக்கு முன்ன?” “இல்ல டாக்டர்.” “இருந்திருந்தா பக்கத்துல வச்சுப் பார்த்து, இது புதுசா பழசான்னு சொல்லிருப்பேன். அக்காவுக்கு இருந்திருக்குன்னாங்க, நீங்க அப்பவே வந்திருக்கணும்மா.” “எனக்குத் தெரியாது” என்றேன். அக்காவுக்கு நோய் என்பதா, வரவேண்டும் என்பதா, எது தெரியாது என்று அவர் கேட்கவில்லை. ஒரு துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நேராவே சொல்றேன். உப்பைத் தூவுன மாதிரி சின்னச் சின்னப் புள்ளிங்க ஒரே இடத்துல சேர்ந்து தெரியுது. இது ஒண்ணுமே இல்லாமயும் போகலாம். ஆனா ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அது எதுவா இருந்தாலும் சின்னதா இருக்கும்போதே பார்த்துட்டோம்.” நேராவே சொல்றேன். இன்றைக்கு என்னிடம் நேராகப் பேசிய ஒரே ஆள், பெயர்கூடத் தெரியாத இந்த அம்மாள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ, நான் நோய்க்காக அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றாள். “என்னடி சொன்னாங்க?” அவள் முகம் வெளிறி, ஒரு பக்கம் கோணி, அம்மா செத்த அன்றைக்கு இருந்ததுபோல இருந்தது. “ஒண்ணுமில்லக்கா” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது. “எல்லாம் நல்லாயிருக்காம்.” அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். “ரெண்டு வருஷமா இதையேதான்டி வேண்டிக்கிட்டு இருந்தேன். உனக்கு ஏதாவதுன்னா அது என்னாலதான்னு…” நான் நின்றுகொண்டு அவளுடைய சுருள் முடியை மேலிருந்து பார்த்தேன். இப்போது எனக்குத் தெரிவது அவளுக்குத் தெரியாது. ஒரு இனிப்பு நாக்கில் ஊறியது, நிஜமாகவே ஊறியது, இதற்காகத்தானா இவர்கள் எல்லோரும், தெரிந்துகொண்டு தெரியாதவள் முகத்தைப் பார்ப்பதில் இப்படி ஒரு உயரம் இருக்கிறதா. இப்படியே கூட்டிக்கொண்டு போய்விடலாம். வீட்டில் இவரிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லி, ஊசிக்கு நான் மட்டும் தனியாக வந்து, ஏதாவது பயிற்சி முகாம் என்று சொல்லி, திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கிப்போய் அவர் நெற்றியில் நானே வைத்து, கை நடுங்காமல்.

போன் அடித்தது. இளவேனில். கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி விடுதியிலிருந்து. “அம்மா, முடிஞ்சுதா? என்னம்மா சொன்னாங்க?” பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது, ஒரு பக்கெட் தரையில் உரசியது. “ஒண்ணு” என்று ஆரம்பித்தேன். மில்லை என்பது மட்டும்தான் பாக்கி. அவள் காத்திருந்தாள். பிறகு அவளும் ஒரு நாள் எங்கேயோ ஒரு மேஜைக்கு முன்னால் நின்று, வீட்டில் யாருக்காவது உண்டா என்று எவளோ கேட்க, எங்க வீட்ல எல்லாம் திடகாத்திரம் என்று என் குரலிலேயே சொல்லுவாள். “வேனில், கதவைச் சாத்திட்டு உட்காரு” என்றேன். “என்னம்மா?” “ஒரு எடத்துல புள்ளி புள்ளியா ஏதோ இருக்கு. ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணுமாம். புற்றுநோயா இருக்கலாம், இல்லாமயும் போகலாம். பெரியம்மாவுக்கு இருந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லல. அப்பாவுக்குத் தெரியும். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அதனால நீ எந்த டாக்டர்கிட்டப் போனாலும் இதைச் சொல்லணும். கேக்கலன்னாலும் நீயாச் சொல்லணும்.” மைக் இல்லாமல்தான் பேசினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஊசிக்கம்மல் போட்ட ஒரு அம்மாள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், ரெஜினா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். பக்கத்தில் அக்காவின் விசும்பல் நின்றுபோயிருந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் அவள் முகத்தில் நான் செய்ததைப் பார்க்க வேண்டியிருக்கும். போனில் இளவேனில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னப் பிள்ளைக் குரலில், “எந்தப் பக்கம்மா?” என்று கேட்டாள்.

“இடது.”

அக்கா எழுந்து வந்தாள். போன் வைத்திருந்த என் கையோடு தன் கையையும் சேர்த்துப் பிடித்து, வாயைக் கிட்டே கொண்டுவந்து, அந்த ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி, “வேனிலு, பெரியம்மா பேசுறேன்டி. எனக்கும் இடதுதான்” என்றாள்.